பூஜ்யப் பண்ணை

இருபத்துநான்கு டியூப்கள். இருபத்துநான்கு எண்கள். ஒரே ஒரு மாட்டின் ரத்தம்.

கடைசி விஷயம் இரண்டே ஜீவன்களுக்குத்தான் தெரியும். கொடுத்த மாடு ஒன்று. எடுத்த ஆள் இன்னொன்று.

எடுத்த ஆளை அலுவலகத்தில் ஊசியார் என்று கூப்பிடுவார்கள். கறவை மாடு வைரஸ் நோய்க் கண்காணிப்பு மையத்தில் பதினாறு வருஷமாக அவருக்கு ஒரே வேலை. மாட்டின் வாலைத் தூக்க வேண்டும், அடியில் ஓடும் நரம்பில் ஊசியைக் குத்த வேண்டும், டியூபை நிரப்ப வேண்டும், எண் எழுத வேண்டும். மாடு உதைத்தால் உதைபடாத காலை ஊன்றிக்கொண்டு அடுத்த மாட்டுக்குப் போக வேண்டும்.

அன்றைக்கு மழை. பண்ணைக்காரர் வெளியூர். மாட்டைப் பிடித்துக்கொள்ள ஆளில்லை. முதல் மாடு ஊசியாரின் முழங்காலைக் குறி பார்த்து உதைத்தது. இரண்டாவது மாடு சிரிஞ்சை மிதித்தது. மூன்றாவது, முதல் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்த மாடு, பக்கத்திலேயே விடவில்லை. வாசலில் மையத்தின் வண்டி ஹார்ன் அடித்தது.

"சார், பத்து மணிக்குள்ள போகலேன்னா மாதிரியை வாங்க மாட்டாங்க. நான் கிளம்பறேன். நீங்க மாடு மேலயே ஏறி வாங்க!" என்று டிரைவர் கத்தினார்.

மூலையில் நின்றது பதினேழாம் எண். ஊசி குத்தினால் திரும்பிப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து அசைபோடும் ரகம். அதன் டியூப் ஒரு நிமிஷத்தில் நிரம்பியது. ஊசியாரின் கை அடுத்த டியூபை எடுத்தது. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. யோசனை என்றுகூடச் சொல்ல முடியாது. கை அந்த மாட்டை விட்டு நகரவில்லை, அவ்வளவுதான்.

இருபத்துநான்காவது டியூப் முடிந்தபோதும் அந்த மாடு அசைபோட்டுக்கொண்டுதான் இருந்தது. படிவத்தின் அடியில், 'ஒவ்வொரு மாட்டிடமிருந்தும் தனித்தனியே எடுக்கப்பட்டது என உறுதி கூறுகிறேன்' என்ற வரிக்குக் கீழே ஊசியார் கையெழுத்துப் போட்டார். அழகான கையெழுத்து.

யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவர் நினைத்ததில் நியாயம் உண்டு. பதினாறு வருஷமாக யாரும் பார்த்ததில்லை. ஒரு மாட்டின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால், எப்போதோ அந்த மாட்டுக்குள் வைரஸ் வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். ஏறக்குறைய எல்லாப் பண்ணையிலும் எப்போதோ வந்து போயிருந்தது. எல்லாப் பண்ணைக்கும் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி. மேலிடம் வருஷத்துக்கு ஒரு முறை, 'பச்சைப் புள்ளி எப்போது?' என்று கடிதம் எழுதும். மையம், 'முயற்சியில் இருக்கிறோம்' என்று பதில் எழுதும். பிறகு எல்லாரும் டீ குடிக்கப் போவார்கள்.

இந்தத் தடவை முடிவு வந்தது. இருபத்துநான்கு மாட்டுக்கும் எதிர்ப்பொருள் பூஜ்யம். பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும் அளவுக்கு இயந்திரம் அச்சடித்த சின்ன எண், புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம் வரை, எல்லாவற்றுக்கும் ஒன்றேதான்.

இயக்குநர் மொத்த அலுவலகத்தையும் கூட்டரங்குக்கு அழைத்தார்.

"பதினாறு வருஷமா நாம தோல்வியையே அளந்துக்கிட்டிருந்தோம். இன்னிக்குத்தான் வெற்றியை அளந்திருக்கோம். இந்த எண்களைப் பாருங்க. மூணாவது இலக்கம் வரைக்கும் ஒரே எண்! மாடுகளுக்குள்ள இவ்வளவு கட்டுப்பாட்டை என் சர்வீஸ்ல நான் பார்த்ததில்லை. இந்த ஆபீஸ்ல ரெண்டு பேர் ஒரே நேரத்துக்கு வர்றதில்லை. இருபத்துநாலு மாடு ஒரே அளவுல நிக்குது. வெட்கமா இல்லை உங்களுக்கு?"

எல்லாரும் வெட்கத்தோடு கைதட்டினார்கள். ஊசியாரும் தட்டினார். மற்றவர்களை விட அவருக்கு வெட்கம் கொஞ்சம் கூடுதல்.

அன்றே அது பூஜ்யப் பண்ணை ஆனது. வரைபடத்தில் பச்சைப் புள்ளி ஏறியது. புள்ளி சின்னதாகத் தெரிகிறது என்று இயக்குநர் சொன்னதால் பெரிதாக்கினார்கள்; பக்கத்துப் பண்ணைகள் மூன்று அதற்கு அடியில் காணாமல் போயின. ஒரு வாரத்தில் திட்டமும் வந்துவிட்டது. பூஜ்யப் பண்ணையின் மாடுகளைச் சின்னச் சின்ன மாட்டுக்காரர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்து, தூய்மையைப் பரப்ப வேண்டும்.

விண்ணப்பித்தவர்களில் ஊசியாரின் அக்காவும் இருந்தாள்.

அக்காவிடம் ஆறு மாடு. நாலு சினை. அந்த நாலு கன்றை நம்பித்தான் வீட்டின் அடுத்த சில வருஷங்கள் நின்றன. அத்தான் இறந்த பிறகு அந்தக் கொட்டிலை அவள் ஒற்றை ஆளாக ஓட்டிக்கொண்டிருந்தாள். தம்பி டீயை வாயில் வைத்த நேரம் பார்த்துக் கேட்டாள்.

"டேய், உன் ஆபீஸ் மாடு ஒண்ணு எனக்கு ஒதுக்கியிருக்காங்களாம். வெளி மாட்டை நான் உள்ளே விட்டதே இல்லை, உனக்கே தெரியும். என்ன சொல்றே?"

சொல்ல வேண்டிய இடம் அதுதான். ஊசியார் வாயைத் திறந்தார். டீ சூடாக இருந்தது.

"வாங்கலாம்க்கா."

அக்கா தலையாட்டினாள். அந்த இருபத்துநான்கில் இருபத்துமூன்று மாட்டின் மேல் ஊசியே படவில்லை. உண்மையில் சோதித்தது ஒன்றை மட்டும்தான்.

"பதினேழாம் நம்பரைக் கேட்டு வாங்குக்கா" என்றார்.

"ஏன், அதுக்கென்ன விசேஷம்?"

"சோதிச்ச மாடு."

"எல்லாமே சோதிச்சதுதானே?"

"இது... நல்லாவே சோதிச்சது."

அக்கா ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "சரி, நீ சொன்னா சரி" என்றாள். இயக்குநரின் உதவியாளரிடம் சொல்லி, பதினேழாம் எண் அக்கா வீட்டுக்கே போகும்படி ஊசியார் ஏற்பாடு செய்தார். கழுத்தில் பச்சை ரிப்பன் கட்டிக்கொண்டு மாடு வந்து இறங்கியது. ஒரு தப்புக்குப் பாதிப் பரிகாரம் செய்துவிட்ட நிம்மதியில் ஊசியார் மூன்று நாள் நன்றாகத் தூங்கினார்.

நான்காம் நாள் ஆய்வகத்துக்குப் போனார். அங்கே இயந்திரத்தை ஓட்டுகிற பரிசோதகர் அம்மாளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். மூக்குக் கண்ணாடியின் தடிமன் ஒரு காரணம். அந்தக் கண்ணாடிக்கு எதுவும் தப்பாது என்பது இன்னொன்று.

"ஊசியாரே, கோச்சுக்காம சொல்லுங்க. அந்த இருபத்துநாலும் ஒரே மாடுதானே?"

ஊசியார் கதவைப் பார்த்தார். சாத்தித்தான் இருந்தது.

"உங்களுக்கு எப்படி..."

"மூணாவது இலக்கம் வரைக்கும் ஒத்துப்போக அதுங்க என்ன ஒரே வயித்துல பொறந்த இரட்டையா? அன்னிக்கே தெரியும் எனக்கு."

"அப்ப ஏம்மா சொல்லலை?"

"மெஷின் சொல்றதை எழுதறதுதான் என் வேலை. சந்தேகம்னு ஒரு கட்டம் நம்ம படிவத்துல கிடையாது. சரி, எந்த மாடு?"

"பதினேழு."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க நேரமாயிற்று.

"போன வருஷம் அந்தப் பண்ணையில அஞ்சு மாடு குறை மாசத்துல கன்னு வீசியிருக்கு. அந்தக் கணக்கு வேற பிரிவுல இருக்கறதால நம்ம இயக்குநர் பார்க்க மாட்டார். நான் பார்த்தேன். வைரஸ் அங்க நல்லாவே சுத்தியிருக்கு. அந்தக் கூட்டத்துக்கு நடுவுல நின்ன மாட்டுக்கு எதிர்ப்பொருளே இல்லேன்னா என்ன அர்த்தம்?"

"தப்பிச்சிருக்கு."

"அதுவும் இருக்கலாம். இன்னொண்ணும் இருக்கலாம். எதிர்ப்பொருள்ங்கறது வீட்டுக் காவக்காரன் மாதிரி. வெளியேர்ந்து திருடன் வந்தா மூஞ்சியை ஞாபகம் வச்சுக்குவான். ஆனா காவக்காரன் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே திருடன் உள்ளே உட்கார்ந்திருந்தா? வீட்டு ஆளுன்னு நினைச்சு சலாம் போடுவான். தாய் வயித்துல இருக்கும்போதே வைரஸ் ஏறின கன்னு அப்படித்தான். ஆயுசு முழுக்க எதிர்ப்பொருள் வராது. ஆயுசு முழுக்க மூச்சுலயும் எச்சில்லயும் வைரஸைக் கொட்டிக்கிட்டே இருக்கும். பார்த்தா சாது."

ஊசியார் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"சினை மாடு பக்கத்துல மட்டும் அதைக் கட்டிடக் கூடாது" என்றார் பூதக்கண்ணாடி அம்மாள். பிறகு ஊசியாரின் முகத்தைப் பார்த்து, "எங்கே கட்டியிருக்கு?" என்று கேட்டார்.

ஆய்வக வாசலில் இரண்டு வழி. வலது பக்கம் கேட்டைத் தாண்டினால் அக்கா வீடு இருபது நிமிஷ நடை. இடது பக்கம் மாடிப்படி. ஏறினால் இயக்குநர் அறை. முறையாகப் போவதுதான் நல்லது என்று ஊசியார் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இடது பக்கம் திரும்பினார்.

இயக்குநர் முழுதையும் கேட்டார். பிறகு சொன்னார்: "நீங்க சொன்னது எதுவும் என் காதுல விழலை."

"மறுபடியும் சொல்றேன் சார்."

"வேண்டாம். மறுபடியும் விழாது."

"ஒரே ஒரு வைரஸ் பரிசோதனை சார். பதினேழாம் நம்பருக்கு மட்டும்."

இயக்குநர் பெருமூச்சு விட்டார். "நாம எதை அளக்கறோம்?"

"எதிர்ப்பொருள் சார்."

"அப்ப வைரஸுக்கும் நமக்கும் என்னய்யா உறவு? வைரஸ் வந்துட்டுப் போன தடயத்தைப் பார்க்கறது நம்ம துறை. அது வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தா, அதைப் பார்க்க வேற துறை வேணும். அந்தத் துறை இன்னும் ஆரம்பிக்கலை. அதோட, சான்றிதழ் வாங்கின மாட்டை மறுபடி சோதிச்சா சான்றிதழைச் சந்தேகப்பட்ட மாதிரி. சான்றிதழ்ல யார் கையெழுத்து?"

"உங்க கையெழுத்து சார்."

"அதான் சொல்றேன்."

இருந்தாலும் ஊசியார் எழுதிக் கொடுத்தார். எழுதிக் கொடுத்தால் குழு போட்டாக வேண்டும். உண்மையறியும் குழு மூன்று பேரோடு, மாடு வந்த பன்னிரண்டாம் நாள் கூடியது. முதல் கூட்டத்தில் குழுவுக்குத் தலைவர் யார் என்ற உண்மையை அறிந்தார்கள். பதினெட்டாம் நாள் இரண்டாவது கூட்டம். ஊசியாரைக் கூப்பிட்டார்கள்.

"மாதிரி தப்புன்னு சொல்றீங்க. ஆதாரம்?" என்றார் தலைவர்.

"நான்தான் சார் எடுத்தேன்."

"தனித்தனியா எடுத்ததா இங்க ஒருத்தர் கைப்பட எழுதிக் கொடுத்திருக்காரே?"

"அதுவும் நான்தான் சார்."

"அங்கதான் சிக்கல். எழுத்துல சொன்ன ஆளை நம்பறதா, வாயால சொல்ற ஆளை நம்பறதா? எழுத்துல சொன்னவர் பதினாறு வருஷ அனுபவஸ்தர். அவர் மேல ஒரு புகாரும் இல்லை. நீங்க ரெண்டு வாரம் முன்னாடிதான் சந்தேகப்பட ஆரம்பிச்சிருக்கீங்க. ஒரு நேர்மையான ஊழியர் மேல நீங்க அபாண்டம் சுமத்தறதை இந்தக் குழு அனுமதிக்காது."

"சார், அந்த ஊழியர்..."

"அவரை நாங்க காப்பாத்துவோம். நீங்க கவலைப்படாதீங்க."

குழு ஒருமனதாக முடிவெடுத்தது. ஊழியர் குற்றமற்றவர். தன் வேலையைத் தானே சந்தேகிக்கும் உயர்ந்த பண்புக்காக அவருக்கு ஒரு பதக்கம். இயக்குநர் அதைச் சட்டையில் குத்திவிட்டபோது ஊசி கொஞ்சம் தோலிலும் ஏறியது. ஊசியாருக்கு, கொஞ்சம் ஆழமாகவே ஏறியிருக்கலாம் என்று தோன்றியது.

இடையில் அவர் அக்கா வீட்டுக்குப் போகாமல் இல்லை. ஏழு தடவை போனார். ஒவ்வொரு தடவையும், குழு முடிவு வரட்டும், கையில் காகிதத்தோடு சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு போவார். டீ குடிப்பார். கொட்டிலை எட்டிப் பார்ப்பார். பதினேழாம் எண் மற்ற மாடுகளோடு ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்கும். அக்கா அதன் நெற்றியைத் தடவி, "தங்கமான மாடுடா" என்பாள். அவர் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்.

இருபத்தேழாம் நாள் காலை அக்காவிடமிருந்து போன் வந்தது.

"கன்னு வீசிடுச்சு. ஆறு மாசம். நீ வா."

கொட்டில் ஓரத்தில் சாக்கு விரித்து அதன் மேல் அது கிடந்தது. சின்ன நாய் அளவு இருந்தது, ரோமம்கூட சரியாக முளைக்கவில்லை. தாய் மாடு நின்ற இடத்திலேயே நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. இரண்டடி தள்ளிப் பதினேழாம் எண், கழுத்தில் ரிப்பனோடு, அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"வழுக்கி விழுந்துச்சா, தீவனத்துல ஏதாவதா, ஒண்ணும் புரியலை. நீ மாட்டு ஆபீஸ்காரன்தானே, பார்த்துச் சொல்லு" என்றாள் அக்கா.

ஊசியார் சொன்னார். நின்றுகொண்டே, மழை நாளிலிருந்து ஆரம்பித்து, ஒன்று விடாமல் சொன்னார். கேட்டுக்கொண்டே அக்கா சாக்கின் ஓரத்தை எடுத்துக் கன்றின் மேல் மூடினாள். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உனக்கு இது எப்பலேர்ந்து தெரியும்?"

"இருபத்துமூணு நாளா."

அக்கா விரல்விட்டு எண்ணவில்லை. அவளுக்கு எண்ணத் தேவையிருக்கவில்லை.

"ஏழு தடவை வந்தியேடா இங்க."

"ஆபீஸ்ல சொன்னேன்க்கா. எழுதிக்கூடக் கொடுத்தேன். குழு போட்டாங்க..."

"ஏண்டா, ஆபீஸா சினையா இருக்கு?"

அவள் போய் பதினேழாம் எண்ணின் கயிற்றை அவிழ்த்தாள். கொல்லைக் கடைசியில், விறகு அடுக்கும் தகரக் கொட்டகைக்கு இழுத்துப்போய்த் தனியாகக் கட்டினாள். உதவிக்கு வந்த தம்பியை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

கன்று வீசினால் மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். தெரிவித்ததும் மையம் மின்னல் வேகத்தில் இயங்கியது. அக்காவின் ஆறு மாட்டுக்கும் ரத்தம் எடுக்க ஊசியாரையே அனுப்பினார்கள். இந்தத் தடவை ஆறு மாட்டிடமும் தனித்தனியாக எடுத்தார். இரண்டு உதை வாங்கினார். நகரவில்லை. பதினேழாம் எண்ணுக்கும் எடுத்தார். முடிவு வந்தது. அக்காவின் ஆறு மாட்டிலும் புத்தம்புது எதிர்ப்பொருள், எக்கச்சக்கமாய். பதினேழு மட்டும் பழையபடி பூஜ்யம்.

காவக்காரன் கதையைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் ஆதாரம் வேண்டாம். மையத்துக்கு அந்தக் கதை தெரியாது. அக்கா வீட்டு கேட்டில் 'நோய்ப் பண்ணை' என்று சிவப்புத் தாள் ஒட்டினார்கள். மறுநாள் ஒரு லாரி வந்து நின்றது. பின்னால் இயக்குநரின் கார். அதற்குப் பின்னால் போட்டோக்காரர்.

"ஒரு அப்பாவி மாட்டைத் தெரியாத்தனமா இந்த நோய்க் கூட்டத்துல விட்டுட்டோம். அந்தத் தப்பு எங்களோடது. ஒத்துக்கறேன்" என்றார் இயக்குநர், கேமராவைப் பார்த்து. "ஆனா அதிசயத்தைப் பாருங்க. ஒரு மாசம் நோயாளிங்க நடுவுல இருந்திருக்கு. இன்னும் பூஜ்யம்! இரும்பு மாடு இது. இதை இன்னிக்கே பெரிய பண்ணைக்கு மாத்தறோம். அங்க எண்பது சினை மாடு இருக்கு. அதுங்களுக்கு இது ஒரு முன்மாதிரியா இருக்கும்."

அக்கா திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் ஏதோ பக்கத்து வீட்டுச் சண்டையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லாரியின் பின்கதவில் பலகை சாய்த்தார்கள். பதினேழாம் எண் தானாகவே ஏறத் தயாராக நின்றது. லாரி டிரைவர் மாற்றுப் படிவத்தை நீட்டினார். மாட்டின் கடைசி மாதிரியை எடுத்தவர் கையெழுத்து வேண்டும்.

படிவம் ஊசியாரிடம் வந்தது. பேனாவும் வந்தது.

"போடுங்க ஊசியாரே, நேரமாகுது" என்றார் இயக்குநர்.

"போட மாட்டேன் சார்."

"கை வலியா?"

"இல்லை சார். இருபத்துநாலு டியூபும் இந்த ஒரு மாட்டோட ரத்தம். மத்த இருபத்துமூணு மாட்டை நான் தொடவே இல்லை. எங்க அக்கா மாடுங்க இந்த மாட்டாலதான் சீக்கு வாங்குச்சு. எங்க அக்காகிட்ட இதை வாங்கச் சொன்னதும் நான்தான்." சொல்லும்போது அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கேமராவைப் பார்க்கவில்லை. திண்ணையில் இருந்த அக்காவையும் பார்க்கவில்லை.

"வேலை போயிடும்யா."

"போகட்டும் சார்."

இயக்குநர் லாரி டிரைவரிடம் திரும்பினார். "நீ வண்டியை எடு. கையெழுத்து அப்புறம் வரும்."

"எப்படி சார்? கையெழுத்து இல்லாத மாட்டோட போனா வழியில செக்போஸ்ட்ல என்னைத்தான் உட்கார வைப்பாங்க. நீங்களா வந்து விடுவிப்பீங்க?" டிரைவர் பலகையைத் தூக்கி உள்ளே போட்டார். லாரி காலியாகத் திரும்பியது.

ஊசியார் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். குற்றச்சாட்டு: குழு குற்றமற்றவர் என்று தீர்ப்பளித்த ஓர் ஊழியரைப் பொது இடத்தில் அவதூறு செய்தது. பூதக்கண்ணாடி அம்மாள் தன் சொந்தப் பொறுப்பில் பதினேழாம் எண்ணின் ரத்தத்தை வேறொரு கல்லூரி ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்தார். வைரஸ் நிரம்பி வழிகிறது என்று பதில் வந்தது. அந்தக் காகிதத்தைக் கோப்பில் 'இதர கடிதங்கள்' பகுதியில் சேர்த்தார்கள். அதோடு ஓர் உத்தரவும் வந்தது. மாடு வழக்கின் தடயமாகிவிட்டதால், விசாரணை முடியும்வரை அதை விற்கவோ வெட்டவோ இடம் மாற்றவோ கூடாது. இருக்கும் இடத்திலேயே பராமரிக்க வேண்டும்.

இருக்கும் இடம் அக்காவின் கொல்லை.

"அதுக்குத் தீவனம் போடறது, சாணி அள்றது எல்லாம் நீதான்" என்றாள் அக்கா. அன்றைக்கு அவள் பேசியது அவ்வளவுதான்.

ஊசியார் தினமும் காலையில் பின்பக்கச் சந்து வழியாக வருவார். கொல்லைக்கும் கொட்டிலுக்கும் நடுவில் அக்கா ஒரு கயிறு கட்டியிருந்தாள். பதினேழைத் தொட்ட கை, பதினேழு நின்ற மண்ணை மிதித்த செருப்பு, எதுவும் கயிற்றைத் தாண்டக் கூடாது. வீட்டுக்குள்ளும் வரக் கூடாது. அவருக்கென்று ஒரு வாளி, ஒரு சோப்பு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு கல்லின் மேல் டீ டம்ளரை வைத்துவிட்டு அவள் போய்விடுவாள். சர்க்கரை அளவு சரியாகத்தான் இருந்தது.

மீதி மூன்று சினையில் ஒன்று அடுத்த மாதம் வீசியது. இன்னொன்று ஒரு மாதம் கழித்து வீசியது. இரண்டு தடவையும் ஊசியாருக்குத் தெரிந்தது சத்தத்தை வைத்துத்தான்.

விசாரணை நடந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் காலை கொட்டில் பக்கமிருந்து வேறு மாதிரி சத்தம். மெல்லிய, புதிய சத்தம். ஊசியார் சாணிக் கூடையோடு கயிறுவரை வந்து நின்றார். எட்டிப் பார்த்தும் எதுவும் தெரியவில்லை.

அக்கா கொட்டிலிலிருந்து வெளியே வந்தாள். முழங்கைவரை ஈரம்.

"கிடேரிக் கன்னு" என்றாள். "எழுந்து நின்னுடுச்சு. பாலும் தேடுது." ரொம்ப நாளைக்குப் பிறகு அவரை நேராகப் பார்த்தாள். "நல்லா இருக்கா, இல்லை அதுவும் இது மாதிரியா?" கொல்லைப் பக்கம் தலையைக் காட்டினாள்.

"தெரியாதுக்கா. பார்த்தெல்லாம் சொல்ல முடியாது. முதல் பால் குடிச்சா தாயோட எதிர்ப்பொருள் உள்ள போய்க் குழப்பிடும்; அதுக்குள்ள கொஞ்சம் ரத்தம் எடுத்து அந்தக் கல்லூரிக்கு அனுப்பினா தெரிஞ்சிடும்." அவர் கூடையைக் கீழே வைத்தார். "நான் கையைக் கழுவிட்டு, வேற சட்டை போட்டுக்கிட்டு..."

"வேண்டாம். அந்தக் கண்ணாடிக்கார அம்மாவுக்குப் போன் போடு. அவங்களை உடனே வரச் சொல்லு. அவங்க எடுக்கட்டும்" என்றாள் அக்கா.

ஊசியார் போன் போட்டார். அரை மணியில் வருவதாக அந்த அம்மாள் சொன்னதைச் சொன்னார். அக்கா சரியென்று தலையாட்டிவிட்டு, பாலைத் தேடும் கன்றைத் தாயிடமிருந்து விலக்கிப் பிடித்துக்கொள்ள உள்ளே போனாள்.

அவர் கூடையை எடுத்துக்கொண்டு பதினேழிடம் திரும்பினார்.